மலிவாய்க் கிடைத்த வீடு

தமிழ்ப் பயணக் கட்டுரைக்கு அண்மைக்காலத்தில் ஒரு புதிய அத்தியாயம் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் கட்டுரையாளர் விமானத்தில் ஏறியதும் மேகங்களை வர்ணிப்பார். இறங்கியதும் குளிரை வர்ணிப்பார். அதன்பின் சைவச் சாப்பாட்டுக்குப் பட்ட பாட்டைச் சொல்வார். இப்போது இவற்றுக்கெல்லாம் முன்பாக, தங்கிய வீட்டின் கணக்கு வந்துவிடுகிறது. ஜூரிச்சில் ஓட்டல்காரர்கள் என்ன கேட்டார்கள், அதில் பாதிப் பணத்துக்கு அடுக்குமாடி வீடே எப்படி அகப்பட்டது, அங்கே அடுப்பும் பாத்திரமும் துணி துவைக்கும் இயந்திரமும் எப்படிக் காத்திருந்தன, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன ரசப்பொடியும் அப்பளமும் எப்படிக் கைகொடுத்தன என்று இரண்டு பக்கம். வாசற்கதவின் அருகே எண் பூட்டுடன் தொங்கிய சிறு சாவிப்பெட்டிக்கு ஒரு பத்தி. மனித முகத்தையே பார்க்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, ஐந்து நாள் வாழ்ந்து, சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்ற வியப்பு. கடைசியில், விலைவாசி மிகுந்த ஒரு தேசத்தைச் சாமர்த்தியத்தால் வென்றுவிட்ட பெருமிதம்.

திரைச்சீலையின் நிறம்கூடச் சொல்லப்படுகிற இக்கட்டுரைகளில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படுவதில்லை. அந்த வீட்டில் இதற்கு முன் யார் குடியிருந்தார்கள்?

இதைக் கேட்டால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. 'ஓட்டலுக்குக் கொட்டிக் கொடுக்க எல்லாரும் பணக்காரர்களா?' என்கிறார்கள். இல்லைதான். எங்கள் குழுவில் இருப்பவர்களும் மாதச் சம்பளக்காரர்கள், ஓய்வூதியக்காரர்கள். வெளியூர் என்றால் புளிக்காய்ச்சல் கிளறி எடுத்துக்கொண்டு போகிற குடும்பங்களில் பிறந்தவர்கள். வெங்காயம் பூண்டு சேர்க்காத பாட்டியையும் ஆறு வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவில் பத்து நாள் சுற்றுகிறவருக்கு ஒரு சமையலறை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எங்களுக்குத் தெரியும். தேவை உண்மையானது. நாங்கள் சண்டை பிடிப்பது தேவையோடு அல்ல. தேவை நிறைவேறிய விதத்தைப் பற்றிய மௌனத்தோடு. ஒரு பொருள் அதன் இயல்பான விலையில் பாதிக்குக் கிடைத்தால், மீதிப் பாதியை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள் என்பது பலசரக்குக் கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த சங்கதி. எழுத்தாளருக்குத் தெரியாமல் போவதேன்?

இந்த வியாபாரத்தின் பிறப்புக் கதை பலரும் அறிந்ததுதான். 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில், வாடகை கட்டத் திணறிய இரண்டு இளைஞர்கள், ஊரில் ஏதோ மாநாடு நடந்து ஓட்டல்கள் நிரம்பிவிட்ட சமயம் பார்த்து, தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, காலைச் சிற்றுண்டியும் கொடுத்து, மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு அது ஏர்பிஎன்பி ஆயிற்று. அந்தத் தொடக்கத்தில் குறை காண எங்களால் முடியவில்லை. வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். தன் இடத்தைச் சற்றே குறுக்கிக்கொண்டு வந்தவருக்கு இடம் கொடுத்தார். அந்தக் காசில் தன் வாடகையைக் கட்டினார். ஆனால் கூடத்து மெத்தையிலிருந்து முழுவீட்டுக்கு இந்த வியாபாரம் தாவிய கணத்தில் அதன் சுபாவம் மாறிப்போனது. வாடகை கட்ட முடியாதவர்கள் தொடங்கிய ஒன்று, வாடகை கட்ட முடியாதவர்களை உற்பத்தி செய்யும் ஒன்றாயிற்று. எப்படி என்பதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஒரு வீட்டுக்கு மாதம் 12,000 ரூபாய் வாடகை வருவதாக வைத்துக்கொள்வோம். அதையே நாள் ஒன்றுக்கு 2,500 என்று விட்டால் ஐந்தே நாளில் மாத வாடகை கைக்கு வந்துவிடுகிறது. மீதி இருபத்தைந்து நாள் பூட்டிக் கிடந்தாலும் நஷ்டமில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, பத்து வருஷமாகக் குடியிருக்கிற வாத்தியாரை எந்த வீட்டுக்காரர் வைத்துக்கொள்வார்?

பார்சலோனா நகரம் இக்கணக்கின் முழு விடையையும் பார்த்துவிட்டது. அங்கே பத்தாண்டுகளில் வாடகை 68 விழுக்காடு ஏறியது என்று நகர மேயர் ஜாவ்மே குல்போனி 2024 ஜூன் மாதம் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், நகரத்திலுள்ள 10,101 சுற்றுலா அடுக்ககங்களின் உரிமங்களும் 2028 நவம்பருக்குள் முடிவுக்கு வரும், புதுப்பிக்கப்படமாட்டா என்றும் அறிவித்தார். அடுத்த மாதமே உள்ளூர்க்காரர்கள் தெருவில் இறங்கி, உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். நம் பத்திரிகைகள் அதை நகைச்சுவைத் துணுக்காக வெளியிட்டு மகிழ்ந்தன. ஆம்ஸ்டர்டாம் 2019 முதல் ஆண்டுக்கு 30 இரவுகளுக்கு மேல் முழுவீட்டை இப்படி விடக்கூடாது என்கிறது. ஜப்பான் 2018-இல் கொண்டுவந்த சட்டம் ஆண்டுக்கு 180 நாள் என்று எல்லை வகுத்தது. நியூயார்க் 2023 செப்டம்பரில் நடைமுறைப்படுத்திய விதி இன்னும் கூர்மையானது: 30 நாளுக்குக் குறைந்து தங்குவதானால், வீட்டுக்காரர் அதே வீட்டில் உடனிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. அதாவது பழைய கூடத்து மெத்தைக்குத் திரும்பிப் போ என்கிறது.

வாடகை ஏறுவதற்குச் சுற்றுலா மட்டுமா காரணம், வட்டி விகிதம் இல்லையா, வீடு கட்டாத அரசாங்கங்கள் இல்லையா என்று எதிர்வாதம் செய்வோர் உண்டு. இருக்கின்றன. ஆற்றில் வெள்ளம் வந்ததற்கு மழை மட்டும் காரணமா, கரையை வெட்டியவனும் காரணமா என்பது போன்ற தர்க்கம் இது. மழையைப் பற்றி நாம் செய்யக்கூடியது குறைவு. மண்வெட்டியைக் கையில் வைத்திருப்பவனிடம் பேசலாம்.

திருச்சிக்காரர்களுக்கு அயல்தேசம் என்றால் முதலில் ஞாபகம் வருவது சிங்கப்பூர். விமான நிலையம் போய் ஏறினால் நான்கு மணி நேரச் சொச்சத்தில் இறங்கிவிடலாம். சென்னைக்குப் பேருந்தில் போவதைவிடச் சீக்கிரம். 2023-ஆம் ஆண்டுக்கான எக்கனாமிஸ்ட் குழுமத்தின் பட்டியலில் ஜூரிச்சும் சிங்கப்பூரும்தான் உலகிலேயே விலைவாசி மிகுந்த நகரங்களாக முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஆக, நமக்குக் கூப்பிடு தூரத்திலேயே ஒரு 'விலை உயர்ந்த தேசம்' இருக்கிறது. அங்கே விடுமுறை அடுக்ககம் தேடிய நம்மவர்கள் ஏமாந்து திரும்பி, கெடுபிடியான ஊர் என்று எழுதுகிறார்கள். கெடுபிடிதான். தனியார் வீடானால் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக்கூடாது. அரசு வீடமைப்பு வாரிய வீடானால் ஆறு மாதம். சுற்றுலா விசாவில் வந்தவருக்கு வாரிய வீடு இல்லவே இல்லை. தளர்த்தலாமா என்று கருத்துக் கேட்டு ஆராய்ந்துவிட்டு, 2019-இல் வேண்டாம் என்றே முடிவு செய்தார்கள். குடிமக்களில் முக்கால் பங்குக்கு மேல் வாரிய வீடுகளில் வசிக்கிற ஒரு நகரம், வீடு என்பது குடியிருக்க, தங்குவதற்கு விடுதி இருக்கிறது என்று பிரித்து வைத்திருப்பதில் அநியாயம் என்ன கண்டார்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

சிங்கப்பூரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு மௌனம் இருக்கிறது. அதில் நம் பயணக் கட்டுரையாளர்கள் உற்சாகமாகப் பங்கெடுக்கிறார்கள். திருச்சியிலிருந்து கிளம்பும் அந்த விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் யார்? புதுக்கோட்டைக்காரர், பெரம்பலூர்க்காரர், ஒரத்தநாட்டுக்காரர். கட்டடம் கட்டவும் கப்பல் பழுது பார்க்கவும் போகிறவர். விலை உயர்ந்த அந்தத் தேசத்தில் மலிவாகத் தங்கும் கலையை நம் எல்லாரையும்விட அறிந்தவர் அவர்தான். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அத்தகைய தங்குவிடுதிகளில் இருந்தார்கள் என்பதே 2020-இல் கொரோனா வந்தபோதுதான் உலகத்துக்கு உறைத்தது; அவ்வாண்டு அங்கே பதிவான தொற்றுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அந்த விடுதிவாசிகளுக்கு வந்தவை. 'சிங்கப்பூரில் சிக்கனமாய்த் தங்குவது எப்படி' என்று கட்டுரை எழுதுகிறவர், தன் பெட்டியை மேலே தூக்கி வைக்க உதவிய அந்த மனிதர் இரவு எங்கே படுக்கிறார் என்று ஒரு வரி எழுதியதாக நாங்கள் படித்ததில்லை.

அசோகமித்திரன் 1973-இல் அயோவா போனார். உலகெங்கிலுமிருந்து வந்த எழுத்தாளர்களை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அந்த வாசத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது 'ஒற்றன்'. அறையில் இருந்த வசதிகளின் பட்டியலாக அதை நாம் நினைவில் வைத்திருக்கவில்லை. பக்கத்து அறைக்காரர்களின் புத்தகமாகத்தான் வைத்திருக்கிறோம். சாவிப்பெட்டி வீட்டில் தங்கியவருக்குப் பக்கத்து அறைக்காரர் யாருமில்லை. இருந்தாலும் அவரும் சாவிப்பெட்டிக்காரர்தான்.

சரி, இவையெல்லாம் கடல் கடந்த விவகாரம், அரங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நேரானது. ஜூரிச்சிலும் லிஸ்பனிலும் மலிவான வீட்டின் சௌகரியத்தை ருசி பார்த்து வந்தவர்களில் சிலர், ஊர் திரும்பியதும் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ பூட்டிக் கிடக்கும் தம் வீட்டை, அடுக்கக ஃபிளாட்டை, அதேபோல் நாள் வாடகைக்கு விட்டால் என்ன என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். யோசனை செயலாகியும் விட்டது. கோயிலுக்கு நடந்து போகும் தூரம், குளிர்சாதன வசதி, கார் நிறுத்த இடம் என்று கைப்பேசியில் விளம்பரங்கள் வருகின்றன. உரிமையாளர் டல்லாஸில் இருக்கிறார். சாவி காவலாளியிடம்.

வைகுண்ட ஏகாதசிக்கு வருகிற ஒரு பெரம்பலூர் விவசாயக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். பகல் பத்து, இராப்பத்து என்று மார்கழியில் மூன்று வாரம் நடக்கும் உற்சவம். பரமபத வாசல் திறக்கிற விடியற்காலையில் லட்சக்கணக்கானோர் கூடும் தீவு. அந்தச் சில நாட்களுக்கு அறை வாடகை ஏறுகிற ஏற்றத்தில், அவர்களுக்கு ஸ்ரீரங்கம்தான் விலை உயர்ந்த தேசம். நம்மவர் ஜூரிச்சில் பட்ட மலைப்பை அவர்கள் அம்மா மண்டபத்தில் படுகிறார்கள். வித்தியாசம் ஒன்று: அவர்கள் கட்டுரை எழுதுவதில்லை. அவர்களுக்கு மலிவான இடம் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவர்களுக்கு இடம் கொடுப்பதாகச் சொல்லி நாள் வாடகைக்குப் போகிற வீடுகளில் அவர்கள் தங்குவதே இல்லை. அந்த விலை அவர்களுக்கானதன்று.

வெளியேறுவது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஸ்ரீரங்கத்து வீடு தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டு போகும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கிணற்றடி. இடையில் இரண்டு மூன்று போர்ஷன்கள். சில இடங்களில் ஸ்டோர். ஒரே வாசலுக்குள் எட்டுக் குடித்தனம். அங்கே இருந்தவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். மடைப்பள்ளியில் வேலை பார்ப்பவர், பூக்கட்டுகிற பெண், பிரபந்த கோஷ்டியில் நிற்கும் முதியவர், பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கி, பள்ளிக்கூட வாத்தியார், காந்தி மார்க்கெட்டில் கணக்கு எழுதுபவர், ஆட்டோ ஓட்டுநர். விடியற்காலை நடை திறக்குமுன் கோயிலில் இருக்க வேண்டியவர் நடந்து வருகிற தூரத்தில் குடியிருந்தாக வேண்டும். அந்த வீடுகள் இடிந்து அடுக்ககம் ஆனபோது முதல் தவணையாக ஒரு கூட்டம் வெளியேறியது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமும் திருவானைக்காவுக்கு அப்பாலும் போனார்கள். இப்போது, அடுக்ககத்தில் மாத வாடகைக்கு இருப்பவர்களிடம், 'அடுத்த மார்கழிக்குள் காலி பண்ணிக் கொடுத்துடுங்கோ' என்று சொல்லப்படுவது இரண்டாம் தவணை. எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களே இப்படிக் கிளம்பியிருக்கின்றன. (அடிமனை வழக்கு வேறு கதை; அதை இங்கே இழுத்தால் இக்கட்டுரை முடியாது.)

மற்ற பெரிய கோயில் ஊர்களிலிருந்து ஸ்ரீரங்கத்தைப் பிரித்துக் காட்டுவது ராஜகோபுரத்தின் 236 அடி உயரமன்று. அது 1987-இல்தான் முடிந்தது. ஏழு பிராகாரம் என்று சொல்கிறோமே, அதில் வெளிப் பிராகாரங்கள் தெருக்கள். மதிலுக்குள் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கோயில் ஊருக்குள் இருக்கிறதா, ஊர் கோயிலுக்குள் இருக்கிறதா என்று சொல்ல முடியாத அமைப்பு. தையிலும் சித்திரையிலும் தேர் வருவது இந்தத் தெருக்களில். பெருமாள் புறப்பாடாகி வருகையில் வாசலில் கோலம் இருக்கும். வீட்டார் இறங்கி நிற்பார்கள். நாள் வாடகை வீட்டின் வாசலில் யார் கோலம் போடுவது? நேற்று இரவு வந்து இன்று மாலை கிளம்புகிறவருக்குத் தேர் வருவதே தெரியாது. 2017-இல் புனரமைப்புப் பணிக்காக யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது இக்கோயிலுக்குக் கிடைத்தபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். விருது கல்லுக்கும் சுதைக்கும் கிடைத்தது. தெருவில் ஆள் இருப்பதற்கு யாரும் விருது கொடுப்பதில்லை.

சுஜாதாவின் ஸ்ரீரங்கக் கதைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கீழச் சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்த பையனுக்கு அத்தெருவில் எந்த வீட்டில் யார், அவர்களுக்கு என்ன கிறுக்கு என்பது மனப்பாடம். அந்த மனப்பாடத்திலிருந்து வந்தவை அக்கதைகள். 'பக்கத்தாத்துல யாருன்னே தெரியலை, தினம் ஒரு கார் வர்றது' என்று ஒரு மாமி சொல்லக் கேட்டோம். அந்தத் தெருவிலிருந்து கதை வராது. மதிப்பெண் விமர்சனம்தான் வரும், ஐந்துக்கு நாலரை நட்சத்திரம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் உடைமை உரிமை. 'என் வீடு, என் இஷ்டம்.' இதற்குச் சட்ட நியாயம் உண்டு. ஆனால் வீட்டின் விலையை ஏற்றியது எது என்று கொஞ்சம் யோசிக்கலாம். நாள் வாடகைக்கு 2,500 கேட்க முடிவது உரிமையாளர் போட்ட குளிர்சாதன எந்திரத்தாலா? அதே எந்திரம் போட்ட வீடு துறையூரில் இருந்தால் அந்தப் பணம் வருமா? அரங்கன் அங்கே படுத்திருப்பதாலும், அவனைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் கைங்கரியத்தாலும் வருகிற மதிப்பு அது. அந்தக் கைங்கரியம் செய்கிறவரை வெளியேற்றிவிட்டு அதன் மதிப்பை மட்டும் நாள் கணக்கில் விற்பது உடைமை உரிமையா?

இன்னொரு வாதம் உண்டு. அதை நாங்கள் மதிக்கிறோம். கணவரை இழந்த ஒரு பெண் தன் வீட்டு முன்னறையை யாத்ரீகருக்கு விட்டு அந்த வருமானத்தில் பிழைக்கிறார், அதையும் தடுப்பீர்களா? தடுக்கமாட்டோம், கைகூப்பி வரவேற்போம். முதலாழ்வார்கள் மூவரும் திருக்கோவலூரில் மழை இரவில் ஓர் இடைகழியில் ஒதுங்கிய கதையைக் குழந்தையிலிருந்து கேட்டு வருகிறோம். ஒருவர் படுக்கலாம், இரண்டாமவர் வந்ததும் இருவர் உட்காரலாம், மூன்றாமவர் வந்ததும் மூவர் நிற்கலாம், நாலாவதாக ஒருவன் வந்து நெருக்கினான். அந்தக் கதையில் முதலில் வந்தவர் எழுந்து உட்காருகிறார், பிறகு எழுந்து நிற்கிறார். இடம் கொடுத்தவரின் உடம்பு குறுகுகிறது. முன்னறையை விட்டுவிட்டுக் கூடத்தில் படுக்கிற அந்தப் பெண் செய்வதும் அதுவே. சாவிப்பெட்டி வீட்டில் யாரும் குறுகவில்லை. அங்கே இருந்தவரை மழையில் இறக்கிவிட்ட பிறகுதான் நமக்கு மெத்தை விரிக்கப்பட்டிருக்கிறது. நம் அரசாங்கத்துக்கே இந்தப் பேதம் தெரிந்திருக்கிறது. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிவு செய்ய வேண்டுமானால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது. நியூயார்க் 2023-இல் கண்டுபிடித்ததை நம் அரசாங்கம் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறது. தாளில்.

யாத்ரீகருக்கு மலிவான இடம் எங்கிருந்து வரும் என்றால், வந்துகொண்டிருந்த இடத்திலிருந்தே வரலாம். திருச்சியில் நாள் முழுக்க ஒலிக்கும் சொல் 'சத்திரம்'. நடத்துநர்கள் கூவுகிறார்கள், நாமும் டிக்கெட் கேட்கிறோம். அது ஒரு பேருந்து நிலையத்தின் பெயர் என்பதற்கு மேல் நமக்கு எதுவும் தோன்றுவதில்லை. இந்நாட்டில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளாலும் சத்திரங்களாலும்தான் நிலைத்தது. மதுரை ரயிலடியில் இறங்கியவர்களுக்கு அவள் சத்திரம் தெரியும். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தம்பாள் சத்திரம் இராமேசுவரம் போகிறவர்களுக்காக எழுந்தது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இன்றும் தமிழ் யாத்ரீகருக்குப் புகலிடம். இவற்றின் மலிவு எங்கிருந்து வந்தது? நிலம் எழுதி வைத்தார்கள். வயல் விளைச்சலிலிருந்து அடுப்பு எரிந்தது. மீதிப் பாதியைக் கட்டியவர் பெயர் கல்லில் வெட்டப்பட்டு வாசலிலேயே இருந்தது. யாருடைய வீட்டையும் பறித்து வந்த மலிவு அன்று. பல சத்திரங்களில் மூன்று நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற விதியும் இருந்தது: வருகிறவன் வருகிறவனாகவே இருக்க வேண்டும், அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும்.

சத்திரத்தைப் பொற்காலமாக்க நாங்கள் வரவில்லை. 1904-இல் காசிக்குப் போன ஈ. வெ. ரா. பசியோடு ஒரு சத்திரத்து வாசலில் தடுக்கப்பட்ட கதை தமிழ்நாட்டின் வரலாற்றையே திருப்பிய கதைகளில் ஒன்று. கட்டியவர் பிராமணர் அல்லாத வணிகர்; சாப்பாடு பிராமணருக்கு மட்டும். அக்கிரகாரத் திண்ணையும் எல்லாருக்கும் திறந்திருந்த திண்ணை அன்று. அதை மறைத்துவிட்டு விருந்தோம்பல் பேசுவது பொய். ஆனால் அந்தக் குற்றம் வாசலில் நின்றவனைப் பற்றியது. அதைத் திருத்த முடியும், திருத்தவும் பட்டது. இன்று அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸில் சாதி கேட்டு அறை கொடுப்பதில்லை. பஞ்சக்கரை சாலையில், 2014-இல் திறக்கப்பட்டது அது. தெருக்களில் இருந்த ஒரு குடித்தனத்தையும் கிளப்பாமல், கொள்ளிடக் கரைப்பக்கம் கட்டினார்கள். பராமரிப்பில் குறை சொல்லலாம், முன்பதிவு கிடைப்பதில் குறை சொல்லலாம், நாங்களும் சொல்வோம். ஆனால் மலிவாகத் தங்க இடம் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு நாகரிகமான ஊர் கொடுக்கக்கூடிய பதில் அந்தத் திசையில்தான் இருக்கிறது. ஒன்று போதாது என்றால் நான்கு கட்டச் சொல்லிக் கேட்போம். கல்யாண மண்டபங்களாக மாறிவிட்ட சத்திரங்களின் மூலப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, யாத்ரீகருக்கு என்று எழுதிய இடத்தில் எத்தனை நாள் யாத்ரீகர் படுக்கிறார் என்று கேட்போம்.

நம்பெருமாளே இடம் கேட்டு அலைந்தவர்தான். 1323-இல் டில்லிப் படை வந்தபோது ஊரைவிட்டுக் கிளம்பிய உற்சவ மூர்த்தி 1371-இல்தான் திரும்பி வந்தார். நாற்பத்தெட்டு வருஷம் ஊர் ஊராக வாசம். திருமலையில் அவர் தங்கிய மண்டபம் இன்றும் ரங்கநாயக மண்டபம் என்றே அழைக்கப்படுகிறது. திருவேங்கடமுடையான் தன் ஊரில் ஒரு மண்டபத்தைக் கொடுத்தான். யாரையும் காலி செய்யச் சொன்னதாக வரலாறு இல்லை.

பயணக் கட்டுரை எழுதுகிற நண்பர்களிடம் எங்கள் கோரிக்கை சிறியது. வீட்டைப் பற்றி எழுதுங்கள். அடுப்பைப் பற்றி, அப்பளத்தைப் பற்றி எழுதுங்கள். கூடவே, அந்தக் கட்டடத்தில் எத்தனை கதவுகளில் பெயர்ப்பலகை இருந்தது, எத்தனை கதவுகளில் சாவிப்பெட்டி தொங்கியது என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்ட கிழவி ஏன் உங்கள் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். உடனிருக்கும் வீட்டுக்காரரின் ஓர் அறை கிடைக்குமானால், முழுவீட்டை விட்டுவிட்டு அதை எடுங்கள். காசும் குறையும், கட்டுரையும் தேறும்.

மாநகராட்சியிடம் கேட்பதும் பெரிதல்ல. ஸ்ரீரங்கம் 1994 முதல் திருச்சி மாநகராட்சியின் பகுதி; வீட்டுவரி, தண்ணீர்வரிப் பேரேடுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. நான்கு உத்தர வீதிகள், நான்கு சித்திரை வீதிகள், அடையவளஞ்சான் தெரு. இவற்றில் குடியிருப்பு என்று வரி கட்டிக்கொண்டு விடுதியாக நடப்பவை எத்தனை, உரிமையாளர் உடனிருப்பவை எத்தனை, பூட்டிக் கிடப்பவை எத்தனை என்று கணக்கெடுக்க இரண்டு வரி வசூலிப்பாளர்களும் ஒரு மாதமும் போதும். அந்தக் கணக்கு அடுத்த பகல் பத்து தொடங்குவதற்குள் வார்டு அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும்.